புதுச் சிறுநீரகம், பழைய கிருமி

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக முடிந்து, வீடு திரும்பிய சில மாதங்களில் காசநோய் தலைகாட்டுகிறது. அதைக் கண்டுபிடிப்பது கடினம். கண்டுபிடித்த பின் கொடுக்கும் மருந்தே பொருத்திய உறுப்புக்கு ஆபத்தாகவும் முடியலாம். அறுவைக்கு முன்பே ஆபத்தைப் பெருமளவு குறைக்க வழி இருக்கிறது. அதை ஒவ்வொரு நோயாளிக்கும் கொண்டு சேர்ப்பது எப்படி?

சிறுநீரக மாற்று சிகிச்சை நடக்கும் எந்தப் பெரிய மருத்துவமனைக்கும் காலை எட்டு மணிவாக்கில் போய்ப் பாருங்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் முகக்கவசம் அணிந்த சிலர் காத்திருப்பார்கள். பையில் தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் இருக்கும். கையில் மாத்திரை இருக்கும். ஆனால் விழுங்க மாட்டார்கள். ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிய பிறகுதான் அந்த மாத்திரை வாய்க்குள் போகும்.

மாத்திரையின் பெயர் டேக்ரோலிமஸ். முந்தின இரவு சாப்பிட்ட மருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் காத்திருப்பு. 'லெவல் பார்க்கணும்' என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். அளவு குறைந்தால், உடல் புதிய சிறுநீரகத்தை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கத் தொடங்கும். அளவு கூடினால், அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். தொற்றுகளுக்கும் கதவைத் திறந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகலான பாதையில்தான் உறுப்பு மாற்று செய்துகொண்ட ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுக்க நடக்கிறார்கள்.

நம் நாட்டில் அந்தப் பாதையில் காத்திருக்கும் தொற்றுகளில் முக்கியமானது காசநோய்.

வேலூர் சொன்ன கணக்கு

இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை நடந்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1971-இல். காசநோய் இந்தச் சிகிச்சையை எப்படித் துரத்துகிறது என்பதை உலகுக்கு எண்ணிக்காட்டியதும் அதே மருத்துவமனைதான். அங்கே சிறுநீரகம் பொருத்திக்கொண்ட 1,251 பேரைத் தொடர்ந்து கவனித்த மருத்துவர் ஜார்ஜ் டி. ஜான் குழு, தங்கள் ஆய்வை 2001-இல் 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் வெளியிட்டது. 1,251 பேரில் 166 பேருக்குக் காசநோய் வந்திருந்தது. அதாவது 13.3 சதவீதம். எட்டுப் பேரில் ஒருவர்.

இதை ஸ்பெயின் நாட்டின் கணக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். அங்கே பல மருத்துவமனைகள் சேர்ந்து, பல்வேறு உறுப்புகளைப் பெற்ற 4,388 பேரைக் கண்காணித்தன. காசநோய் வந்தது 21 பேருக்கு. இருநூறு பேரில் ஒருவர் என்ற அளவு. அங்கேயும் அது சாதாரண மக்களுக்கு வருவதைவிடப் பல மடங்கு அதிகம்தான். நுரையீரல் பெற்றவர்களுக்கு இன்னும் அதிகம். அறுவை முறை ஒன்று, மருந்து ஒன்று. இருந்தும் இரண்டு கணக்கும் இவ்வளவு விலகி நிற்பதற்கு முதல் காரணம், சுற்றியிருக்கும் சமூகத்தில் காசநோய்க் கிருமி எவ்வளவு புழங்குகிறது என்பதுதான்.

நோய் வந்தால் எவ்வளவு மோசமாகிறது? உலகெங்கும் பதிவான 511 நோயாளிகளின் விவரங்களை நினா சிங், டேவிட் பேட்டர்சன் ஆகிய மருத்துவர்கள் 1998-இல் தொகுத்தார்கள். உறுப்பு மாற்றுக்குப் பின் காசநோய் வந்தவர்களில் 29 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மூன்றில் ஒருவருக்கு நோய் உடலின் பல பாகங்களுக்கும் பரவியிருந்தது. அறுவைக்கும் நோய் தெரிவதற்கும் இடையிலான இடைநிலைக் காலம் ஒன்பது மாதம். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் மிகத் தீவிரமாகக் கொடுக்கப்படும் முதல் ஆண்டிலேயே பாதிப்பேருக்கு மேல் நோய் வந்துவிடுகிறது என்று இதற்குப் பொருள்.

தொகுப்பு பழையது. இன்று பரிசோதனைகள் மேம்பட்டிருக்கின்றன, மருந்தின் அளவுகளை நுட்பமாகச் சரிசெய்யத் தெரிந்திருக்கிறது. ஆனால் நோயின் அடிப்படைக் குணம் மாறவில்லை.

உடலுக்குள் ஓர் உடன்படிக்கை

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்தார். அன்றிலிருந்து நாம் தெரிந்துகொண்டதில் முக்கியமானது ஒன்று உண்டு. கிருமி உள்ளே போவதும் நோய் வருவதும் வேறு வேறு. இருமலில் தெறிக்கும் நுண்துளிகளோடு கிருமி நுரையீரலுக்குள் நுழைந்ததும், உடலின் காவல் செல்கள் அதை விழுங்குகின்றன. பல சமயம் கொல்ல முடிவதில்லை. அப்போது வேறு செல்களும் வந்து சுற்றி நின்று, ஒரு சிறு கட்டியாக அதை அடைத்துவைக்கின்றன. கிரானுலோமா என்பது அதுதான். உள்ளே கிருமி நீறுபூத்த நெருப்பாகக் கிடக்கும். இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, பிறருக்குத் தொற்றாது. தொற்றுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் அப்படியே ஆயுள் முழுவதையும் கழித்துவிடுவார்கள். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் என்றாவது நோயாக மாறும்.

இப்படி உறங்கும் தொற்றோடு எத்தனை பேர் வாழ்கிறார்கள்? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வின்படி, 15 வயதைக் கடந்த இந்தியர்களில் 31.4 சதவீதம் பேருக்கு அந்தத் தொற்று இருக்கிறது. உறுப்புக்காகக் காத்திருக்கும் பத்துப் பேர் வரிசையில் நின்றால், அவர்களில் மூன்று பேர் கிருமியோடு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கே அது தெரியாது.

கிரானுலோமா ஒருமுறை கட்டி முடித்துவிட்டால் தானே நிற்கும் சுவரல்ல. டி-செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் இடைவிடாமல் அனுப்பும் ரசாயனக் கட்டளைகளால்தான் அது குலையாமல் இருக்கிறது. டேக்ரோலிமஸும் அதற்கு முன்னோடியான சைக்ளோஸ்போரினும் வேலை செய்வதே அந்த டி-செல்களைச் செயலிழக்கச் செய்துதான். கூடவே ஸ்டீராய்டு, மைக்கோபினோலேட். நிராகரிப்பைத் தடுக்கத் தொடக்கத்திலேயே டி-செல்களைக் கூண்டோடு அழிக்கும் ஊசிகளும் சிலருக்குத் தேவைப்படும். புதிய உறுப்பைக் காப்பாற்ற இவை எல்லாமே அவசியம். ஆனால் பழைய கிருமியை அடைத்துவைத்திருந்த காவலும் இவற்றோடு சேர்ந்தே விலகிவிடுகிறது.

சிறுநீரக நோயாளிகளுக்கு இந்தச் சரிவு அறுவைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சிறுநீரகம் செயலிழந்தாலே எதிர்ப்பாற்றல் குன்றும். டயாலிசிஸ் காலத்தில் உணவுக் கட்டுப்பாடும் பசியின்மையும் சேர்ந்து உடலை வற்றவைக்கும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு காசநோய் அபாயம் இருப்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. சர்க்கரை நோய் அதைக் கூட்டுகிறது. வேலூர் ஆய்வும் சர்க்கரை நோயை ஓர் அபாயக் காரணியாகச் சுட்டியது. தமிழ்நாட்டில் சிறுநீரகம் செயலிழக்க முக்கியக் காரணமே சர்க்கரை நோய் என்னும்போது இது சிறிய விஷயமல்ல. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் ஸ்டீராய்டும் டேக்ரோலிமஸும் சேர்ந்து புதிதாகச் சர்க்கரை நோயை வரவழைப்பது உண்டு.

கிருமி வரும் மூன்று வழிகள்

முதல் வழி, மேலே சொன்ன பழைய தொற்று விழித்துக்கொள்வது. உறுப்பு மாற்றுக்குப் பின் வரும் காசநோயில் பெரும்பகுதி இதுதான் என்று கருதப்படுகிறது.

இரண்டாவது, அறுவைக்குப் பின் புதிதாகத் தொற்றிக்கொள்வது. பேருந்தில், திருமண மண்டபத்தில், மருத்துவமனை வெளிநோயாளிகள் பிரிவில், சொந்த வீட்டில் என எங்கேயும் நடக்கலாம். காசநோய் பரவலாக உள்ள நாட்டில் இந்த வழியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

மூன்றாவது, பொருத்தப்படும் உறுப்போடு கிருமியும் சேர்ந்து வருவது. இது அரிது, மொத்த நோயாளிகளில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு என்பது மேலை நாடுகளின் மதிப்பீடு. ஆனால் நடந்தால் கொடுமையாக இருக்கும். அமெரிக்காவின் ஓக்லஹோமா, டெக்சாஸ் மாநிலங்களில் 2007-இல் ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற மூவரில் இருவருக்கு உடலெங்கும் பரவிய காசநோய் வந்தது. அவர்களுடைய கிருமியும் கொடையாளரின் கிருமியும் மரபணு அமைப்பில் ஒன்றாகவே இருந்தன. 2021-இல் அதே நாட்டில் முதுகெலும்பு அறுவை உள்ளிட்ட சிகிச்சைகளில் பயன்படும், இறந்தவரின் எலும்பிலிருந்து தயாரித்த திசுப் பொருள் ஒன்றின் வழியாக 113 பேரின் உடலுக்குள் கிருமி சென்றது. அவர்களில் 87 பேருக்குக் காசநோய்க்கான சான்றுகள் தெரிந்தன. காசநோய் குறைந்த நாட்டிலேயே, சோதனைகளைக் கடந்து இப்படி நடந்திருக்கிறது.

நம் நாட்டில் இந்த மூன்றாவது வழிக்கு வேறொரு முகம் உண்டு. இங்கே பெரும்பாலான சிறுநீரகங்கள் உயிருடன் இருப்பவர்கள் கொடுப்பவை. கொடுப்பவர் தாய், மனைவி, தந்தை, உடன்பிறந்தவர். நோயாளியும் கொடையாளரும் ஒரே கூரையின் கீழ், ஒரே காற்றைச் சுவாசித்து வாழ்ந்தவர்கள். எனவே கொடையாளரைச் சோதிப்பதென்பது அந்த வீட்டையே சோதிப்பதாக இருக்க வேண்டும்.

அங்கேதான் ஒரு சமூகச் சிக்கல் குறுக்கே வருகிறது. 'வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா?' என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். சொன்னால் அறுவையைத் தள்ளிவிடுவார்களோ என்ற பயம். வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண் இருந்தால், விஷயம் வெளியே போய்விடுமோ என்ற பயம். அனுபவமுள்ள மருத்துவர்கள் கேள்வியை வேறு மாதிரி கேட்பார்கள். 'யாராவது ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டாங்களா? அப்போ சிறுநீர் சிவப்பாப் போச்சா?' பல வீடுகளில் அப்போதுதான் பதில் வரும்: 'ஆமாங்க டாக்டர், மாமனாருக்கு நெஞ்சுல சளி கட்டியிருந்துச்சு, ஆறு மாசம் மாத்திரை குடுத்தாங்க.' இந்தக் கேள்விக்கு வாய்திறந்து பதில் சொல்வது நோயாளியின் உயிரைக் காக்கும். காசநோய் இருந்தது என்பதற்காக யாருக்கும் உறுப்பு மறுக்கப்படுவதில்லை. முழுச் சிகிச்சை எடுத்தாரா என்று பார்த்து, வேண்டியதைச் செய்த பிறகு அறுவை நடக்கும்.

மாறுவேடம்

காசநோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளி, மாலைக் காய்ச்சல். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களிடம் நோய் இந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. இருமலும் சளியும் உண்டாவதே எதிர்ப்பாற்றல் கிருமியோடு நடத்தும் போரால்தான். அந்தப் படை அடக்கப்பட்டிருக்கும்போது அறிகுறிகளும் மங்கிப்போகின்றன.

பலருக்கு வெறும் காய்ச்சல் மட்டும் வரும், அதுவும் விட்டுவிட்டு. சிலருக்குக் காரணம் தெரியாமல் எடை இறங்கும். சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கும், கழுத்தில் நெறிகட்டும், முதுகெலும்பில் வலி வரும், குடலில் புண் வந்து வயிற்றுப்போக்காகத் தெரியும். மூளைச் சவ்வைத் தாக்கும்போது தலைவலியும் குழப்பமும் முதலில் தெரியும். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு பல காரணங்களும் உண்டு. சைட்டோமெகலோ வைரஸ், பூஞ்சை, நிமோனியா, சில சமயம் உறுப்பு நிராகரிப்பு எல்லாமே இதே மாதிரி அறிகுறிகளைத் தரலாம். ஒரே நோயாளிக்கு இரண்டு தொற்று ஒன்றாக இருப்பதும் உண்டு.

ஆகவே சளிப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்ததோடு நிறுத்திவிட முடியாது. சி.டி. ஸ்கேன் தேவைப்படும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தி நீர் எடுத்துச் சோதிக்க வேண்டிவரும். நெறிக்கட்டியிலிருந்தோ சவ்விலிருந்தோ சதை எடுக்க வேண்டிவரும். எடுத்த மாதிரியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் சோதனை இரண்டு மணி நேரத்தில் பதில் தருகிறது. ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. மாவட்டங்கள்தோறும் இந்தக் கருவிகள் வந்திருப்பது பெரிய முன்னேற்றம். உடலின் எந்த இடத்திலிருந்து மாதிரி எடுப்பது என்று முடிவு செய்து, எடுத்துத் தரும் கைதான் இங்கே வேகமாக வேலை செய்ய வேண்டும்.

காப்பாற்றும் மருந்து, பறிக்கவும் கூடும்

இந்த நோயின் மிகச் சிக்கலான பகுதி கண்டுபிடித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

காசநோய்க்கான நான்கு முதல்நிலை மருந்துகளில் தலையானது ரிஃபாம்பிசின். சிகிச்சையை ஆறு மாதத்தில் முடிக்க முடிவதே அதனால்தான். மருந்து தொடங்கிய முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிவிடும். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள் தினமும் சிறுநீரைக் கவனித்துப் பழகியவர்கள் என்பதால் பதறிப்போவார்கள். அந்த நிறம் மருந்தின் நிறம். அதனால் கெடுதல் இல்லை. கெடுதல் கண்ணுக்குத் தெரியாமல் கல்லீரலில் நடக்கிறது.

கல்லீரலிலும் குடல் சுவரிலும் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் உள்ளன. ரிஃபாம்பிசின் அந்த நொதிகளைப் பல மடங்கு பெருக்கிவிடுகிறது. டேக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டையும் சிதைப்பவை அதே நொதிகள்தான். ஸ்டீராய்டும் வேகமாகக் கரைகிறது. நேற்றுவரை போதுமான அளவில் ஓடிக்கொண்டிருந்த டேக்ரோலிமஸ் சில நாட்களிலேயே ரத்தத்தில் சரசரவென இறங்கிவிடும். யாரும் கவனிக்காவிட்டால் உடல் புதிய சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கும். காசநோய் குணமாகிக்கொண்டிருக்கும், சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு வழிகள் உண்டு. ரிஃபாம்பிசினையே கொடுத்து, டேக்ரோலிமஸ் அளவை இரண்டு முதல் ஐந்து மடங்குவரை உயர்த்தி, அடிக்கடி லெவல் பார்த்துச் சரிசெய்வது ஒரு வழி. அப்படிச் செய்தால் இன்னொரு கட்டத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் நொதிகள் இரண்டு வாரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அப்போது உயர்த்திய டேக்ரோலிமஸைப் படிப்படியாகக் குறைக்காவிட்டால், அதுவே சிறுநீரகத்துக்கு நஞ்சாகும். சிகிச்சை முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் தவறிப்போகக்கூடிய இடம் இது.

இரண்டாவது வழி, அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் நொதிகளை அவ்வளவாகத் தூண்டாத ரிஃபாபியூட்டின். மூன்றாவது, இந்த வகை மருந்தே இல்லாமல் லீவோஃபிளாக்சசின் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுப்பது. நோய் கடுமையாக இல்லாதவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் ஆறு மாதத்தில் முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ மருந்து தொடர வேண்டும். உடலெங்கும் பரவிய நோய்க்கும் மூளைக் காசநோய்க்கும் ரிஃபாம்பிசினைக் கைவிட மருத்துவர்கள் தயங்குவார்கள். யாருக்கு எது என்பது ஒவ்வொரு நோயாளியையும் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு.

மற்ற மருந்துகளிலும் கவனம் வேண்டும். ஐசோனியாசிட், பைரசினமைடு இரண்டும் கல்லீரலைப் பாதிக்கலாம். கல்லீரல் பொருத்திக்கொண்டவருக்கு இது இரட்டைக் கவலை. எத்தாம்பியூட்டால் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அளவைக் குறைக்காவிட்டால் கண் நரம்பு பாதிக்கும். எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்தைச் சற்றுத் தளர்த்தும்போது, விழித்தெழும் படை கிருமியின் மீது ஒரேயடியாகப் பாய்ந்து, நோய் முற்றியதுபோன்ற தோற்றத்தைத் தருவதும் உண்டு.

இவ்வளவையும் ஒரு சிறுநீரக மருத்துவர் அறிவார். ஆனால் நோயாளி முதலில் போய் நிற்கும் இடம் எது? வேலூரிலோ சென்னையிலோ அறுவை செய்துகொண்டவர் ஊர் திரும்பிவிடுகிறார். காய்ச்சலுக்கு ஊரில் உள்ள மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுகிறார். காசநோய் என்று தெரிந்ததும், எடைக்கேற்ப நான்கு மருந்துகளும் ஒரே மாத்திரையில் அடங்கிய அட்டை அரசுத் திட்டத்தில் அவருக்கு இலவசமாகக் கிடைக்கும். லட்சக்கணக்கான நோயாளிகளை எளிதில் குணப்படுத்தும் நல்ல ஏற்பாடு அது. அந்த ஒரே மாத்திரைக்குள் ரிஃபாம்பிசினும் இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர் இவர் என்று கொடுப்பவருக்குத் தெரியாவிட்டால், அல்லது தெரிந்தும் அதன் பொருள் புரியாவிட்டால், விளைவு என்னவாகும் என்பதை மேலே பார்த்தோம்.

அறுவைக்கு முன் இருக்கும் காலம்

உறுப்பு மாற்று பெரும்பாலும் திட்டமிட்டு நடப்பது. டயாலிசிஸில் மாதக்கணக்காக இருக்கிறார்கள். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காகப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்காகவும் காத்திருக்கிறார்கள். காசநோயைத் தேடவும் தடுக்கவும் இதைவிடத் தோதான காலம் கிடையாது.

முதல் வேலை, நோய் இப்போதே இருக்கிறதா என்று பார்ப்பது. மார்பு எக்ஸ்-ரே, சந்தேகம் இருந்தால் ஸ்கேன், சளிப் பரிசோதனை, பழைய சிகிச்சைச் சீட்டுகள். நோய் இருந்தால் முதலில் சிகிச்சை. அதன் பிறகே அறுவை. இந்தக் கட்டத்தில் ரிஃபாம்பிசினைத் தயங்காமல் கொடுக்கலாம், ஏனெனில் டேக்ரோலிமஸ் இன்னும் தொடங்கவில்லை. ஒரே நோய்க்கு அறுவைக்கு முன் சிகிச்சை தருவதற்கும் பின் தருவதற்கும் இவ்வளவு வித்தியாசம்.

இரண்டாவது, உறங்கும் தொற்றைத் தேடுவது. முன்கையில் மருந்தைத் தோலுக்குள்ளேயே ஏற்றி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளவுகோலால் அளக்கும் மான்டோ சோதனை நம் ஊரில் பழையது. சிவந்திருப்பதை அளக்கக் கூடாது. விரலால் தடவினால் தட்டுப்படும் தடிப்பைத்தான் அளக்க வேண்டும். உறுப்பு மாற்றுக்குத் தயாராகிறவர்களுக்கு ஐந்து மில்லிமீட்டரே போதும், தொற்று இருப்பதாகக் கொள்வார்கள். சிக்கல் என்னவென்றால், டயாலிசிஸில் இருப்பவரின் எதிர்ப்பாற்றல் குன்றியிருப்பதால் தொற்று இருந்தும் தோல் தடிக்காமல் போகலாம். ஐ.ஜி.ஆர்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை ஓரளவு மேலானது, அதுவும் முழுமையானதல்ல. எனவே சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும், வீட்டில் காசநோயாளி இருந்தாரா, எக்ஸ்-ரேயில் பழைய வடு இருக்கிறதா என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது, தடுப்பு மருந்து. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட காசநோய்த் தடுப்புச் சிகிச்சை வழிகாட்டி, டயாலிசிஸில் இருப்பவர்களையும் உறுப்பு மாற்றுக்குத் தயாராகிறவர்களையும் அபாயப் பிரிவில் சேர்த்திருக்கிறது. தினமும் ஐசோனியாசிட் ஆறு மாதம் என்பது ஒரு முறை. வாரம் ஒருமுறை ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்த்து மூன்று மாதத்தில் பன்னிரண்டு தவணை என்பது இன்னொரு முறை. ரிஃபாபென்டினும் ரிஃபாம்பிசினைப் போலவே நொதிகளைத் தூண்டும் என்பதால், அதை அறுவைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

எல்லோருக்கும் கேள்வி கேட்காமல் தடுப்பு மருந்து கொடுத்துவிடலாமா என்பதில் நம் நாட்டு மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐசோனியாசிட்டால் கல்லீரல் பாதிக்கலாம், ஹெபடைட்டிஸ் தொற்று உள்ளவர்களுக்கு அது அதிகம். மருந்தை முடித்த பிறகும் புதிதாகத் தொற்று வரலாம். பிடிபடாத நோயை அரைகுறை மருந்தால் மறைத்துவிட்டால் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகலாம். நியாயமான அச்சங்கள்தான். ஆனால் அவை ஒவ்வொன்றும் கவனமாகச் செய்ய வேண்டும் என்பதற்கான காரணங்கள். செய்யாமல் விடுவதற்கான காரணங்கள் ஆகா. நோய் இல்லை என்று உறுதிசெய்து, கல்லீரல் சோதனையை மாதாமாதம் பார்த்து, வைட்டமின் பி6 சேர்த்துக் கொடுத்தால், பெரும்பாலோர் இதைத் தாங்குகிறார்கள்.

இரண்டு திட்டங்கள், ஒரே நோயாளி

உறுப்பு தானத்தில் தமிழ்நாடு நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம். 2008-இல் மூளைச்சாவு உறுப்பு தானத்துக்கான ஏற்பாட்டை அரசு முறைப்படுத்தியது. அது பின்னர் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமாக வளர்ந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏழைக்கும் இந்தச் சிகிச்சையைச் சாத்தியமாக்கியிருக்கிறது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

காசநோயிலும் இதே மாநிலத்துக்குப் பெரும் வரலாறு இருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தியல் மையம், சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தும் குணப்படுத்தலாம் என்று நிரூபித்து, உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. அதுதான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் கடும் ஆபத்தில் இருப்பவர்களை உடனே அடையாளம் கண்டு மருத்துவமனையில் சேர்க்கிறது.

இரண்டிலும் முன்னோடியாக இருக்கும் மாநிலம், இரண்டையும் ஒரே நோயாளியிடம் இணைத்துக்காட்ட வேண்டும். அதற்குப் புதிய கட்டடமோ புதிய துறையோ வேண்டாம். காசநோய் பதிவு செய்யும்போது எச்.ஐ.வி. உண்டா, சர்க்கரை உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பதிகிறார்கள். 'உறுப்பு மாற்று செய்துகொண்டவரா?' என்ற கேள்வியும் அதே கட்டாயத்தோடு கேட்கப்பட வேண்டும். 'ஆம்' என்றால், மருந்து அட்டை கொடுப்பதற்கு முன் அறுவை செய்த மருத்துவமனையோடு பேச வேண்டும். எச்.ஐ.வி. சிகிச்சையில் சில மருந்துகளை எடுப்பவர்களுக்கு ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக ரிஃபாபியூட்டின் கொடுக்கும் வழிமுறை ஏற்கெனவே இருக்கிறது. மாற்று உறுப்போடு வாழ்பவர்களுக்கும் அது தடையின்றி, இலவசமாகக் கிடைக்க வேண்டும். டேக்ரோலிமஸ் லெவல் சோதனை பெரிய நகரங்களோடு நின்றுவிடாமல் மாவட்டத் தலைமை மருத்துவமனைவரை வர வேண்டும். காசநோய் சிகிச்சைக் காலத்தில் அதற்கு நோயாளி காசு கொடுக்கும் நிலை இருக்கக் கூடாது.

இன்னொன்றும் வேண்டும். உறுப்பு பெற்ற ஒவ்வொருவருக்கும் பின்னாளில் காசநோய் வந்ததா, வந்தால் உறுப்பு பிழைத்ததா என்பதை மாநிலம் முழுக்கப் பதிவு செய்யும் ஒரே பதிவேடு. வேலூரின் கணக்கு ஒரு மருத்துவமனையின் கணக்கு. நம் மாநிலம் முழுவதுக்குமான கணக்கை வைத்துத்தான் தடுப்பு மருந்து யாருக்கு, எப்போது என்ற விவாதத்தை நம் சொந்த ஆதாரத்தோடு முடிக்க முடியும்.

நோயாளியும் குடும்பமும் செய்ய வேண்டியவை

• அறுவைக்கு முன், தனக்கோ வீட்டில் யாருக்கோ எப்போதாவது டி.பி. இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய சீட்டு, எக்ஸ்-ரே கிடைத்தால் கொண்டுபோங்கள்.

• கொடையாளருக்கும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் காசநோய்ப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

• அறுவைக்குப் பின் ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை, கழுத்தில் நெறிகட்டுதல், ஓயாத தலைவலி எது இருந்தாலும் மாற்று சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். இருமல் இல்லையே என்று அலட்சியப்படுத்த வேண்டாம்.

• எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக, 'எனக்கு உறுப்பு மாற்று நடந்திருக்கிறது' என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

• காசநோய் மருந்து தொடங்கும்போதும், மாற்றும்போதும், முடிக்கும்போதும் லெவல் பார்க்க வேண்டும். எந்த மருந்தையும் தானாக நிறுத்தக் கூடாது.

• வீட்டில் வேறொருவருக்குக் காசநோய் வந்தால், அன்றே உங்கள் மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

யாருடைய பொறுப்பு?

மாற்றுச் சிறுநீரகம் தோற்றுப்போனால் நோயாளி மறுபடியும் டயாலிசிஸ் படுக்கைக்குத் திரும்புகிறார். தாய் கொடுத்ததாக இருந்தால், அவரிடம் கொடுக்க இன்னொன்று இல்லை. மூளைச்சாவு அடைந்தவருடையதாக இருந்தால், துக்கத்தின் நடுவே சம்மதித்த ஒரு குடும்பத்தின் கொடை வீணாகிறது. காப்பீட்டில் செலவான பணமும், காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருந்தவர் இழந்த வாய்ப்பும் திரும்பி வராது.

தெரியாத ஆபத்தால் இது நடந்தால் விதி என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த ஆபத்து தெரிந்தது. நம் ஊர் மருத்துவர்களே கணக்கெடுத்துச் சொன்னது. எப்போது வரும், யாருக்கு அதிகம் வரும், எந்த மருந்து எதைக் கெடுக்கும் என்பதெல்லாம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே டயாலிசிஸ் தொடங்கும் நாளிலேயே காசநோய்ச் சோதனையும் தொடங்க வேண்டும். உறுப்புக்காகப் பெயர் பதியும்போது அந்தச் சோதனையின் முடிவும் பதிவாக வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இதில் விதிவிலக்கு கூடாது. உறுப்பு மாற்று ஆணையமும் காசநோய்த் திட்டமும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே ஓர் ஆணை பிறப்பித்தால் இது நாளையே தொடங்கிவிடும்.